ஈஸ்டருக்குத் தைத்த சூட்

பத்து வயதுக்குப் பிறகு எந்தக் கால்சட்டையும் கார்னெல் பிட்மனின் கணுக்காலைத் தொட்டதில்லை. பள்ளி திறக்கும்போது வாங்கினால் கிறிஸ்துமசுக்குள் மேலே ஏறிவிடும். அவன் அம்மா ஓடெஸா கெளுத்தி மீன் ஆலையில் பகல் முழுக்கக் கத்தி பிடித்துவிட்டு வந்து, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தரையில் மண்டியிட்டு, அடி மடிப்பைப் பிரித்து இறக்குவாள். இறக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது வேறு துணியில் பட்டை வைத்துத் தைப்பாள். "அசையாத," என்பாள் பல்லிடுக்கில். அவனும் கொடிக்கம்பம் மாதிரி நிற்பான்.

பதினெட்டு வயதில் அவன் ஏழடிக்கு ஓரங்குலம் குறைவு. மிசிசிப்பி டெல்டாவில் எங்கள் கார்வின் ஊர்க் கடைகளில் அவனுக்கு ஒரு சூட் கிடையாது. மெம்பிஸ் வரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று, அங்கும் கிடையாது. ஈஸ்டர் அன்று புதிய பெத்தேல் சபையில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் மடிப்புக் கலையாமல் உடுத்தி வருவார்கள். சூட் இல்லாமல் வருகிறவனை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் காலைப் பார்ப்பார்கள், அதுதான் கொடுமை. கார்னெல் ஆண்டுதோறும் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிக்கொண்டு சமாளித்தான். பாட்டு சுத்தமாக வராது. கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைப்பான்.

கூடைப்பந்து மட்டும் அவன் சொன்ன பேச்சைக் கேட்டது. கூடைக்கடியில் அவன் கையை உயர்த்தினால் எதிரணிப் பையன்கள் பாதி வழியிலேயே மனத்தை மாற்றிக்கொள்வார்கள். கடைசி ஆண்டில் பார்க்க வந்தவர்களின் கார்கள் பள்ளி வாசலிலிருந்து பருத்தி ஆலை வரைக்கும் நின்றன. அந்தக் காலத்தில் பள்ளி முடித்த கையோடு தொழில்முறை ஆட்டத்துக்குப் போக விதி இடம் கொடுத்தது. பிறகு அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். ஜூன் கடைசியில் ட்ராஃப்ட். பெரிய அணிகள் வரிசையாக ஆள் பொறுக்கிக்கொள்ளும் நாள் அது. பெயர் கொடுத்தவன் மனம் மாறினால், அதற்கு ஒரு வாரம் முன்புவரை பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய்விடலாம். ஒரே நிபந்தனை, ஆட்டக்காரர்களுக்காக அணிகளிடம் விலை பேசித் தரகு வாங்கும் ஏஜென்ட்டின் கையிலிருந்து அதுவரை எதையும் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினால் அவன் ஆடிச் சம்பாதிக்கிறவன். கல்லூரி அணி அவனைத் தொடாது.

இதை ஓடெஸா நன்றாகவே அறிவாள். அட்லாண்டா ஏஜென்ட் ஒருவருக்காக ஊர் ஊராகச் சுற்றிப் பையன்களைப் பிடிக்கும் வென்டெல் ஸ்பைவி, தேன் தடவிய பேச்சோடு வந்து உட்கார்ந்தபோதெல்லாம் அவள் கறாராக இருந்தாள். அவன் நீட்டிய உறையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அவன் சட்டைப் பையிலேயே திருப்பிச் சொருகினாள். மூவரும் உணவகத்துக்குப் போனால் தன் தட்டுக்கும் பிள்ளையின் தட்டுக்கும் தானே கொடுத்தாள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. "எம்புள்ள எந்தப் பக்கம் போனாலும் சுத்தமாப் போவான்," என்று பாஸ்டர் டில்மனிடமே சொன்னாள்.

ஸ்பைவியும் லேசுப்பட்டவன் இல்லை. ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்பு கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்ட ஒரு தையல்காரரை அழைத்துக்கொண்டு வந்தான்.

"சிஸ்டர் ஓடெஸா, இது அவனுக்கில்ல. கர்த்தருக்கு. உயிர்த்தெழுந்த நாள்ல புள்ள அரைக்கால் சட்டையோட அவர் முன்னால நிக்கலாமா?"

ஓடெஸா தையல்காரரின் அளவு நாடாவைப் பார்த்தாள். உறையைத் திருப்பிக் கொடுக்க அவளுக்குத் தெரியும். கடவுளின் வீட்டுக்கு உடுத்திக்கொண்டு போகும் துணியைத் திருப்பிக் கொடுக்க யார் அவளுக்குச் சொல்லித் தந்தார்கள்? எங்கள் சபையில் வளர்ந்த எந்தப் பெண்ணும் அதை வாங்கியிருப்பாள். அது வாங்கல் கணக்கில் வரும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றாது.

கரும்பழுப்பு சூட், உள்ளே பட்டு. கார்னெல் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்றபோது கால்சட்டை ஷூவின்மேல் அழகாக மடிந்து விழுந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவன் கால்கள் எங்கேயோ முடிந்தன. அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்த ஈஸ்டர் ஆராதனையில்தான் ஓடெஸா சாட்சி சொன்னாள். எங்கள் சபையில் சாட்சிக்கு ஒரு முறை உண்டு. முதலில் தேவனுக்கு மகிமை, அடுத்தது பாஸ்டர், அதற்கப்புறம் உதவிய ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி. ஒரு பெயர் விட்டுப்போனாலும் நன்றி கெட்டவள் என்று ஆகிவிடும். ஓடெஸா மீன் வாசனை போகத் தேய்த்துத் தேய்த்துச் சிவந்த கைகளை உயர்த்தினாள்.

"வர்ற ஜூன்ல எம்புள்ள பேரை அந்த மேடையில கூப்பிடுவாங்கன்னு கர்த்தர் எனக்குச் சொல்லிட்டார்," என்றாள். "இந்தச் சூட்டை அவனுக்கு அளவெடுத்துத் தச்சுக் குடுத்த பிரதர் வென்டெல் ஸ்பைவியையும், அவரை அனுப்பின அட்லாண்டா ஏஜென்ட்டையும் கர்த்தர் ஆசீர்வதிக்கணும்."

சபை எழுந்து நின்று ஆமென் போட்டது. விசிறிகள் பறந்தன. ஆராதனை வழக்கம்போல வானொலியில் போய்க்கொண்டிருந்தது.

கார்னெல் ட்ராஃப்டுக்குப் பெயர் கொடுத்தான். ஜூன் மாதம் சிகாகோவில், அணிகளின் ஆட்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்க, பெயர் கொடுத்தவர்கள் ஆடிக் காட்டினார்கள். பையன்களைச் சோதித்துப் பார்க்க அணிகள் கூலிக்கு நிறுத்தியிருந்த ஒருவன் கார்னெலுக்கு எதிரே வந்தான். வெளிநாட்டில் நாலைந்து ஆண்டு ஆடித் திரும்பியவன், முன்தலை வழுக்கை, உயரத்தில் இவன் காதுக்குத்தான் இருப்பான். அவன் தன் முழங்கையைக் கார்னெலின் இடுப்பில் வைத்தான். அடிக்கவில்லை, வைத்தான், அவ்வளவுதான். பெருக்கும்போது நாற்காலியை நகர்த்துவதுபோல் இவனை நகர்த்திவிட்டுப் பந்தைப் போட்டான். மறுபடியும் அப்படியே. அதற்கு மறுதடவையும் அப்படியே.

"யாரு வீட்டுப் பச்சப்புள்ள இது?" என்றான் அந்த ஆள் சுற்றிலும் பார்த்து. "யாராச்சும் வந்து தூக்கிட்டுப் போங்கப்பா, மிதிபட்டுறப் போகுது."

எல்லாரும் சிரித்தார்கள். கார்னெலும் சிரித்தான். கார்வினில் அவன் உயரத்தைப் பார்த்தே விலகியவர்கள் இங்கே ஒருத்தனும் இல்லை. தன் எலும்பு முற்றவில்லை என்பதும், இடது கால் ஊன்றித் திரும்பக்கூடத் தனக்குத் தெரியாது என்பதும் அவனுக்கு அந்தப் பிற்பகலில் விளங்கிவிட்டன.

திரும்பும் பேருந்தில் அவன் நினைப்பெல்லாம் ஒரு கட்டில்மேல் இருந்தது. இலையுதிர் காலத்தில் கல்லூரி அணி ஒன்றைப் பயிற்றுவிக்கும் கோச் பெல்லமி அழைத்து, அவருடைய கல்லூரியை ஒருநாள் பார்த்து வந்திருந்தான். அங்கே ஆட்டக்காரர்களுக்கு நீளக் கட்டில். படுத்துக் காலை நீட்டினான். கால் வெளியே தொங்கவில்லை. காலையில் பயிற்சிக்கூடத்தில் இவனைவிடப் பெரிய பையன் ஒருவன், மூன்றாம் ஆண்டு மாணவன், இடது காலில் திரும்பப் பழகிக்கொண்டிருந்தான். தப்பாகவே திரும்பினான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. "நீ எப்ப வந்தாலும் உன் இடம் இருக்கு," என்று பெல்லமி சொல்லியிருந்தார். எனக்கு அதுதான் வேண்டும் என்று கார்னெல் ஜன்னலைப் பார்த்துத் தீர்மானம் செய்தான். பெயரைத் திரும்ப வாங்க வியாழன் மாலைவரை நேரம் இருந்தது.

தீர்மானம் ஊருக்குள் நுழைந்ததும் சுருங்கிவிட்டது. முடிவெட்டும் ஹோசியாவின் கடைச் சுவரில் இவன் படம் சட்டம் போட்டுத் தொங்கியது, பக்கத்தில் ஹோசியாவின் கல்யாணப் படம்.

"உக்காருங்க கோடீஸ்வரரே," என்றான் ஹோசியா. "டிவி பெட்டிக்குள்ள போற தல. இனிமே தொடுறதுக்கே கை நடுங்குது."

"உன் கை குடிச்சா நடுங்கும், குடிக்காட்டியும் நடுங்கும்," என்றார் காத்திருந்த ஒரு கிழவர். "பையன் காத அறுத்துடாத, காதோட சேத்துத்தான் விலை பேசிருக்காங்க."

கடை சிரித்து ஓய்ந்தது. கார்னெல் கண்ணாடியைப் பார்த்து மெதுவாகக் கேட்டான். "நான் காலேஜுக்குப் போனா என்ன?"

கத்தரிக்கோல் நின்றது. ஹோசியா கண்ணாடிக்குள் அவன் முகத்தைத் தேடினான். பிறகு கடை அதிரச் சிரித்தான்.

"கேட்டீங்களா ஐயா? இப்பவே பெரிய மனுஷங்க மாதிரி நக்கல் பண்றாரு. டேய் பையா, ஒங்கம்மா சாட்சி சொன்னாங்கடா. இந்த ஊரே ஆமென் போட்டுச்சு. நான் ரெண்டு தடவ போட்டேன்."

கார்னெல் காசைக் கொடுத்துவிட்டு இறங்கினான். வீட்டுக்குப் போகும் வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு கையும் அவன் முதுகைத் தட்டியது. தட்டிய ஒவ்வொரு கையும் அவனைக் கொஞ்சம் முன்னால் தள்ளியது. நடு ரோட்டில் நின்று ஊரையே கெட்ட வார்த்தையில் திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்டவில்லை, "சரிங்க, சரிங்க," என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.

புதன் சாயங்காலம் ஓடெஸா வெந்நீரில் உப்புப் போட்டுக் கைகளை ஊற வைத்து அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் அவன் சொல்லிவிட்டான். சிகாகோ, வழுக்கை ஆள், முழங்கை, நீளக் கட்டில், எல்லாம்.

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பயந்துட்டியா?"

"ஆமாம்மா."

"நான் சபைக்கு முன்னால எழுந்து நின்னு சொன்னேன், கார்னெல். கர்த்தர் சொன்னார்னு சொன்னேன். இப்ப அவர் பொய் சொன்னாரா, நான் பொய் சொன்னேனா?"

ஓடெஸா ஈரக் கையோடு எழுந்து வெளியே போனாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள், காரைக் கிளப்பவில்லை. கார்னெல் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். போய்க் கதவைத் திறந்து, நான் போறேன்மா, ட்ராஃப்டுக்கே போறேன் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. கால் வாசற்படிவரை போயும்விட்டது.

அதற்குள் அவளே வந்தாள். முகத்தைத் துடைத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழம எழுந்து நின்னு அதைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

"சாட்சியத் திரும்ப வாங்க முடியுமாம்மா?"

"இதுவரைக்கும் யாரும் வாங்கினதில்ல. நான் வாங்குறேன். நான் கேட்டது என் ஆசையோட குரல்னு சொல்லிடுறேன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். காலைல அந்தக் கோச்சுக்குப் போன் போடு, முதல்ல அவர்கிட்ட இடம் கேட்டுக்க. அப்புறம் பேரை எடுத்துடலாம்."

கார்னெல் அம்மாவைக் குனிந்து கட்டிக்கொண்டான். அவள் தலை அவன் நெஞ்சுக்கும் கீழேதான் இருந்தது. அன்று படுத்தபோது அவனுக்குச் சிறுபிள்ளைபோல் சிரிப்பு வந்தது. கால் வழக்கம்போல் கட்டிலுக்கு வெளியே தொங்கியது, அதனால் என்ன.

மறுநாள் ஓடெஸா ஆலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு அடுப்பில் சோளக்கஞ்சியைக் கிளறிக்கொண்டு நின்றாள். இவன் சுவர்த் தொலைபேசியின் சுருள் கம்பியை விரலில் சுற்றியபடி எண்களை அழுத்தினான். கோச் பெல்லமியே எடுத்தார்.

"கோச், நான் கார்னெல் பிட்மன். பேரைத் திரும்ப வாங்கப்போறேன். உங்ககிட்ட வந்துடுறேன்."

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"தம்பி," என்றார் பெல்லமி. "அந்தப் பழுப்பு சூட் யாரு குடுத்தா?"

கார்னெல் அம்மாவைப் பார்த்தான். அவள் கரண்டியை நிறுத்தாமல் புருவத்தை உயர்த்தினாள்.

"ஈஸ்டர் அன்னிக்கு உங்க ஆராதனை ரேடியோல போயிருக்கு," என்றார் பெல்லமி. "உன்னைப் பிடிக்கணும்னு அலைஞ்ச இன்னொரு காலேஜ் ஆளு கார்ல கேட்டிருக்கான். நேரா சபை வாசலுக்கு வந்து, நீங்க விக்கிற ஒலிநாடாவுல ஒண்ணு வாங்கிட்டான். நீ எங்ககிட்டதான் வருவேன்னு பேச்சு வந்ததும் அதைக் காலேஜ் ஆட்டங்களை நடத்துற மேலிடத்துக்கு அனுப்பிட்டான். ஒரு பிரதி முந்தாநாள் என் மேசைக்கும் வந்துது. உங்கம்மா பேரு பேராச் சொல்லியிருக்காங்க. ஏஜென்ட் உட்பட."

கார்னெல் கம்பியை விரலில் இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

"எங்க காலேஜ் உன்னை எடுக்காது. வேற எங்க போனாலும் இதையேதான் கேப்பாங்க. ஒரு வழி இருக்கு, விசாரணை. உங்கம்மாவக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சு, அவங்க குரலை அவங்களுக்கே போட்டுக் காட்டுவாங்க. வாங்கினது தப்பு, என்னாலதான் எம்புள்ள கெட்டான்னு அவங்க வாயால சொல்லணும். சொன்னாலும் கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ கேக்கணும்னா இன்னிக்கே கேக்கணும்." மறுபடியும் நாற்காலி கிரீச்சிட்டது. "நான் அந்த நாடாவ ரெண்டு தடவ கேட்டேன், தம்பி. அவ்வளவு சந்தோஷமான குரலை நான் கேட்டதே இல்ல. என்ன சொல்ற?"

ஓடெஸா அடுப்பை அணைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, நல்ல சேதிக்குத் தயாராக அவனைப் பார்த்துச் சிரித்தாள். கார்னெல் கம்பியை விரலிலிருந்து பிரித்தான். அது இறுகியிருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

"வேண்டாம், கோச்," என்றான். "ரொம்ப நன்றி."

"என்னவாம்?" என்றாள் ஓடெஸா.

"இடத்தை வேற பையனுக்குக் குடுத்துட்டாங்களாம்."

"எப்ப வந்தாலும் இருக்குன்னாரே அந்த மனுஷன்."

"இருந்துச்சு. இப்ப இல்லையாம்."

"சரி, வேற காலேஜே இல்லையா இந்த நாட்டுல?"

"இந்த நேரத்துல எல்லா இடமும் ரொம்பிடுச்சும்மா. கேட்டுட்டேன்."

அவன் யாரையும் கேட்கவில்லை. அவள் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அவன் பார்வையை விலக்கவில்லை. பொய் சொல்வது இவ்வளவு சுலபமாக வரும் என்று அவன் நினைத்ததில்லை. பிறகு ஓடெஸாவின் தோள்கள் மெல்ல இறங்கின. அவள் முகத்தில் முதலில் வருத்தம் இருந்தது. அது போய், நிம்மதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்க வேண்டியதில்லையே.

"பாத்தியா," என்றாள் மெதுவாக. "நான் சந்தேகப்பட்டேன். கர்த்தர் தன் கையாலயே அந்தக் கதவைச் சாத்திட்டார். இனிமே பயப்படாத."

"சரிங்கம்மா."

அன்று மாலை கடிகாரம் கெடுவைத் தாண்டியபோது அவன் பள்ளித் திடலில் தனியாக இடது காலில் திரும்பிக்கொண்டிருந்தான். தப்பாகவே வந்தது.

ஸ்பைவி அடிக்கடி தொலைபேசியில் கூப்பிட்டான். முதலில், முதல் சுற்றிலேயே எடுத்துவிடுவார்கள் என்றான். பிறகு இரண்டாம் சுற்று என்றான். கடைசியாகப் பேசியபோது, துருக்கியிலும் ஆட அணிகள் உண்டு, அங்கே சாப்பாடு ரொம்ப நல்லா இருக்கும் என்றான். அந்தத் தையல்காரரைக் கூட்டி வந்த அன்றே எல்லாம் தெரிந்துதான் வந்தானா என்று கேட்கக் கார்னெலுக்கு நாக்கு துடித்தது. அம்மா பக்கத்தில் இருந்தாள். கேட்கவில்லை.

ட்ராஃப்ட் அன்று சபைக் கூடத்தில் பெரிய டிவி வைத்திருந்தார்கள். பெண்கள் மத்தியானத்திலிருந்தே மீன் பொரித்தார்கள். வாசனை தெருமுனைவரை வந்தது. வீட்டு அடுக்களையில் கார்னெல் சூட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். ஓடெஸா பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நின்றது. ஈஸ்டருக்கும் ஜூனுக்கும் நடுவில் அவன் இன்னும் வளர்ந்திருந்தான்.

"நல்லவேளை, உள்ள தாராளமாத் துணி விட்டுத் தச்சிருக்கார்," என்றாள் மடிப்பைப் புரட்டிப் பார்த்து. "இதையெல்லாம் யோசிச்சுச் செஞ்சிருக்காங்க பாரு. இன்னிக்கு ஆரம்பிக்கும்போது பாஸ்டர் என்னை ரெண்டு வார்த்த பேசச் சொல்லியிருக்கார். பிரதர் ஸ்பைவிக்கு இன்னொரு தடவ பேர் சொல்லி நன்றி சொல்லணும். இந்தச் சூட் இல்லேன்னா இன்னிக்கு நீ என்னத்தப் போட்டுக்கிட்டு நிப்ப?"

கோச் சொன்னது முழுக்கக் கார்னெலின் வாய்வரை வந்தது. அவன் கீழே பார்த்தான். அம்மா அதற்குள் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு அவன் காலடியில் மண்டியிட்டிருந்தாள். சிவந்த கைகள் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தன. பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு துணியில் அப்படியே தெரிந்தது. அவள் அதைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

"இது போகாது போலிருக்கே," என்று ஊசிகளுக்கிடையில் முணுமுணுத்தாள். "பரவால்ல, தூரத்துல இருந்து பாத்தா தெரியாது. ஊசி குத்திடும், அசையாத."

அவன் அசையவில்லை.